மத்தியானம் ஆனால் காது மந்தமாகும் கடல்

1937-ஆம் வருடக் கோடைக்காலம். கியூபாவின் குவாண்டனாமோ வளைகுடாவில் அமெரிக்கக் கடற்படையின் 'செம்ஸ்' என்ற கப்பல் ஒரு புதுக் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் ஓர் ஒலியை அனுப்ப வேண்டும். அது எதிலாவது பட்டுத் திரும்பினால், அந்த எதிரொலியை வைத்து நீர்மூழ்கிக் கப்பல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். சோனார் என்று இன்று எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான். காலையில் கருவி கில்லி மாதிரி வேலை செய்தது. மத்தியானம் ஆனதும் படுத்துவிட்டது. அதே கருவி, அதே ஆட்கள், அதே இடம். ஆனால் காலையில் பளிச்சென்று கேட்ட எதிரொலி சாயங்காலம் கேட்கவே இல்லை.

கருவியைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. சாப்பிட்ட மயக்கத்தில் ஆபரேட்டர்கள் தூங்கி வழிகிறார்களோ என்றுகூடப் பேச்சு எழுந்ததாகச் சொல்வார்கள். (எந்த ஆபீஸாக இருந்தாலும் முதல் பழி கீழே இருப்பவன் தலையில்தான்!) கடைசியில் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தின் கொலம்பஸ் ஐஸ்லின் 'அட்லாண்டிஸ்' என்ற ஆய்வுக் கப்பலோடு வந்து, கருவியை விட்டுவிட்டுத் தண்ணீரை அளந்தார். விடை கிடைத்துவிட்டது. வெயில் ஏற ஏற, கடலின் மேல்பரப்பில் சில மீட்டர் ஆழம்வரை உள்ள நீர் ஒன்றிரண்டு டிகிரி சூடாகியிருந்தது. அவ்வளவுதான். அந்த ஒன்றிரண்டு டிகிரிதான் பல லட்சம் ரூபாய்க் கருவியைச் செவிடாக்கியது.

இதற்கு 'மத்தியான விளைவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இது நடந்து எண்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இதில் இருக்கும் பாடத்தை உலகம் பாதிதான் படித்திருக்கிறது. கேட்கும் கருவிக்குப் பணம் கொட்டத் தெரிகிறது. கேட்கப்படும் தண்ணீரை, அதிலும் கரையோரத் தண்ணீரை, தினமும் அளக்க மனசு வரவில்லை. இந்தக் கட்டுரையின் புகார் அதுதான்.

முதலில் கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம், பிளஸ் டூவில் இயற்பியலுக்குக் கும்பிடு போட்டவர்களுக்கும் புரியும்.

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போகும். காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் இந்த 1500 நிலையான எண் கிடையாது. நீர் ஒரு டிகிரி சூடானால், ஏற்கெனவே எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து, வேகம் 2 முதல் 4 மீட்டர் கூடும். ஒரு கிலோ நீரில் உப்பு ஒரு கிராம் கூடினால், வேகம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் கூடும். ஆழம் 100 மீட்டர் கூடினால் அழுத்தத்தால் சுமார் 1.6 மீட்டர் கூடும். 1500-ல் இரண்டு, மூன்று என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். வித்தியாசம் வேகத்தில் இல்லை, வளைவில் இருக்கிறது. ஒலி எப்போதும் வேகம் குறைவாக உள்ள பக்கம் வளையும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மார்கழி மாதம் போதும். பக்கத்து ஊர்க் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலை நாலரை மணிக்குத் தலைமாட்டில் வைத்த மாதிரி கேட்கும். அதே ஒலிபெருக்கி மத்தியானம் பாடினால் தெரு தாண்டிக் கேட்காது. விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்றுச் சூடாகவும் இருப்பதால், மேலே போக வேண்டிய ஒலி தரைப் பக்கம் வளைந்து வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மத்தியானம் தரை கொதிக்கிறது, ஒலி வானத்தைப் பார்த்து வளைந்து போய்விடுகிறது. தார் ரோட்டில் தெரியும் கானல் நீரும் இதே குடும்பம்தான். அங்கே வளைவது ஒளி.

கடலில் படத்தைத் தலைகீழாக்க வேண்டும். மத்தியானம் மேலே சூடு, கீழே குளிர். ஒலி கீழே வளைகிறது. எவ்வளவு வளையும்? ஒரு சின்னக் கணக்கு. மேல் 10 மீட்டர் நீருக்குள் ஒலியின் வேகம் 2 மீட்டர் மட்டும் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், கிடைமட்டமாகக் கிளம்பும் ஒலி 400 மீட்டர் போவதற்குள்ளாகவே 10 மீட்டர் கீழே இறங்கிவிடும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மேற்பரப்பை ஒட்டி ஒரு நீர்மூழ்கி நின்றால் அந்த ஒலி அதன் பக்கமே போகாது. அப்படி ஒலி எட்டாத பகுதியை நிழல் என்கிறார்கள். அந்த நிழலுக்குள் நிற்பவன் ராஜா.

ஆழ்கடலிலும் ஒலி வளையும். ஆனால் அங்கே அது நல்ல பிள்ளை. மேலே சூட்டால் வேகம் கூட, அடியில் அழுத்தத்தால் வேகம் கூட, நடுவே வேகம் குறைந்த ஓர் அடுக்கு வாய்க்கால் போல இருக்கிறது. அதற்குள் விழுந்த ஒலி மேலும் போகாமல் கீழும் போகாமல் ஓடிக்கொண்டே இருக்கும். 1960-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அப்பால் கடலில் வெடி வெடித்தார்கள். ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில் பெர்முடா அருகே அது கேட்டது. போய்ச் சேர மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பூமியின் பாதிச் சுற்று!

அந்தப் பெருமையெல்லாம் கரைக்கு வந்ததும் காணாமல் போய்விடும். கரைக்கடல் ஆழம் குறைந்தது. ஒலி மேற்பரப்பில் முட்டும், தரையில் முட்டும், திரும்ப மேலே முட்டும். கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் காதைக் கிழிக்கும், ஒரு வார்த்தை புரியாது. சுவரில் பட்ட ஒலியும் கூரையில் பட்ட ஒலியும் நேரே வந்த ஒலியும் முன்னே பின்னே வந்து சேர்ந்து குழப்புவதால் அந்தக் கதி. கரைக்கடலில் இந்த மண்டபத்துச் சுவர்களே ஊருக்கு ஊர் வேறு. தரை பாறையாக இருந்தால் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். களியாக இருந்தால் விழுங்கிவிடும்.

ஆழம் மிகவும் குறைந்துவிட்டால் இன்னொரு வினோதம். கனத்த, தாழ்ந்த ஒலிகள் அங்கே பயணமே செய்ய முடியாது. பாக் நீரிணையின் தென்புறம் உள்ள பாக் விரிகுடாவில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. 10 மீட்டர் ஆழம், கீழே மணல் தரை என்றால், கணக்குப்படி சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி கொஞ்ச தூரத்திலேயே தரைக்குள் இறங்கிக் காணாமல் போகும். பெரிய கப்பல்களின் என்ஜின் உறுமல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கேட்கும் உறுமல், இங்கே பக்கத்து வீட்டுக்கும் கேட்காது.

இத்தனைக்கும் மேலே கரைக்கடலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது மணிக்கு மணி மாறும். ராத்திரி காற்று அடித்தால் மத்தியானம் சூடான மேல் அடுக்கு கலைந்துவிடும். ஆற்று வெள்ளம் வந்தால் உப்பு குறையும். ஓதம் ஏறி இறங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அலைகள் கடலுக்குள்ளேயே கிளம்பும். மேலே உள்ள சூடான நீருக்கும் கீழே உள்ள குளிர்நீருக்கும் நடுவில் ஓடும் இந்த உள்ளலைகள் பல பத்து மீட்டர் உயரம்கூட இருக்கும். மேற்பரப்பில் நிற்கும் படகில் தேநீர் டம்ளர் ஆடாது. அந்தமான் கடலில் இப்படிப்பட்ட ராட்சத உள்ளலைகளை ஆஸ்பார்ன், பர்ச் என்ற இருவர் 1980-ல் 'சயின்ஸ்' இதழில் விவரித்தார்கள்.

இந்த உள்ளலைகள் ஒலியை என்ன செய்யும் என்பதற்கு மஞ்சள் கடல் சாட்சி. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் உள்ள ஆழம் குறைந்த கடல் அது. அங்கே கோடைக்காலச் சோதனைகளில் ஒரு மர்மம். ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள ஒலி மட்டும், எதிர்பார்த்ததைவிட 20 டெசிபலுக்கும் மேல் குறைந்து வந்தது. அதற்கு மேலும் கீழும் உள்ள ஒலிகளுக்கு அந்த அளவு சேதம் இல்லை. 20 டெசிபல் என்றால் நூற்றில் ஒரு பங்கு. நூறு ரூபாய் அனுப்பினால் ஒரு ரூபாய் வந்து சேருகிறது என்று அர்த்தம். அதுவும் எல்லா நாளும் இல்லை, எல்லாத் திசையிலும் இல்லை. வணிகவியல் மாணவன் எவனாக இருந்தாலும் இந்தக் கணக்கைப் பார்த்தால் கேஷியரைத்தான் சந்தேகப்படுவான். 1991-ல் ஜோ, ஜாங், ரோஜர்ஸ் என்ற மூவர் வேறு ஆளைக் காட்டினார்கள். வரிசையாக வரும் உள்ளலைகளின் இடைவெளியும் ஒலியின் குணமும் ஒத்துப்போகும்போது, ஒலியின் ஆற்றல் எளிதில் பயணிக்கும் வடிவத்திலிருந்து தரையில் மோதி அழியும் வடிவத்துக்கு மாற்றப்படுகிறது என்றார்கள். அன்றைக்கு உள்ளலை இருந்ததா என்று அளந்து பார்க்காதவன், கருவி கெட்டுப்போனது என்றுதான் எழுதிவைப்பான்.

இதெல்லாம் கடற்படைக்காரர்களின் தலைவலி, மற்றவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். ஒரு நாடே இந்தத் தலைவலியில் மாட்டிக்கொண்ட கதை இருக்கிறது. ஸ்வீடன்.

1981 அக்டோபர் 27-ஆம் தேதி, ஸ்வீடனின் கார்ல்ஸ்க்ரோனா கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் ஒரு சோவியத் நீர்மூழ்கி பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது. எஸ்-363 என்பது அதன் எண். ஸ்வீடன்காரர்கள் யு-137 என்று அழைத்தார்கள். இதில் சந்தேகமே இல்லை, ஊரே வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு ஸ்வீடனுக்குக் காதெல்லாம் நீர்மூழ்கி. 1982 அக்டோபரில் ஹோர்ஷ்ஃபியர்டன் வளைகுடாவில் பெரிய வேட்டை நடந்தது. வெடிகுண்டுகள் போட்டார்கள். ஒன்றும் மேலே வரவில்லை. 1983-ல் விசாரணைக் குழு, வந்தவை சோவியத் நீர்மூழ்கிகளே என்றது. ஸ்வீடன் அரசு மாஸ்கோவுக்குக் கண்டனம் அனுப்பியது. இரண்டு நாடுகளின் உறவு பல வருடங்களுக்குப் பாழானது.

அந்தக் கடல் எப்படிப்பட்டது என்று பாருங்கள். பால்டிக் கடலின் சராசரி ஆழம் சுமார் 55 மீட்டர்தான். மேல்நீரில் உப்பு சாதாரணக் கடலில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. கோடையில் மேலே 15, 20 மீட்டர் வெதுவெதுப்பான நீர். அதற்குக் கீழே குளிர்காலத்தில் தங்கிப்போன ஜில் நீர். அதற்கும் கீழே, 60 முதல் 80 மீட்டர் ஆழத்தில் தொடங்கி, வட கடலிலிருந்து நுழைந்த உப்பு மிகுந்த கனமான நீர். மூன்றடுக்கு டிபன் கேரியர் மாதிரி. நடு அடுக்கில் ஒலியின் வேகம் குறைவு என்பதால் அங்கே கிளம்பிய சத்தம் அதற்குள்ளேயே நெடுந்தூரம் ஓடும். மேல் அடுக்கில் மைக்கை வைத்திருப்பவனுக்கு அது கேட்காமலே போகலாம். ஸ்டாக்ஹோம் கரையில் மட்டும் சுமார் 30,000 தீவுகள், பாறைகள். ஒவ்வொன்றும் எதிரொலிக்கும் சுவர். அங்கே தூரத்துச் சத்தம் பக்கத்தில் கேட்கும், பக்கத்துச் சத்தம் திசை மாறிக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் கேட்ட சத்தத்தை வைத்து ஒரு வல்லரசின் மீது குற்றப்பத்திரிகை!

பின்னால் என்ன ஆனது? 1995-ல் வந்த இன்னொரு விசாரணைக் குழு, நீர்மூழ்கி என்று பதிவான சத்தங்களில் பல, நீந்தும் மிங்க் போன்ற பிராணிகளுடையவை என்றது. மிங்க் என்பது கீரிப்பிள்ளை அளவே இருக்கும் ஒரு விலங்கு. பிறகு கடற்படை, தான் பத்திரமாக வைத்திருந்த 'அசல்' நீர்மூழ்கிச் சத்தத்தை மக்னஸ் வால்பெர்க், ஹோகன் வெஸ்டர்பெர்க் என்ற ஆய்வாளர்களிடம் போட்டுக் காட்டியது. வாணலியில் ஏதோ பொரிகிற மாதிரி சத்தம். நீர்மூழ்கி இப்படிப் பொரியாதே என்று அவர்கள் தேடிப் போனதில் அகப்பட்டது ஹெர்ரிங் மீன். (மத்திக்குத் தூரத்து உறவு.) பயந்தால் இந்த மீன் கூட்டம் பின்பக்கமாகக் காற்றுக் குமிழிகளை வெளிவிடும். நாகரிகமாகச் சொன்னால் அபான வாயு :-) கடையில் ஒரு ஹெர்ரிங்கை வாங்கித் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்துச் சோதித்ததாக வால்பெர்க்கே மேடையில் சொல்லியிருக்கிறார். ஆய்வுக் கட்டுரை 2003-ல் வந்தது. 2004-ல், இதே மீனின் இதே வேலையை ஆராய்ந்த இன்னொரு குழுவோடு சேர்த்து, 'இக் நோபல்' என்ற கேலி நோபல் பரிசும் கிடைத்தது.

சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது. நீர்மூழ்கி எதுவுமே வரவில்லை என்பதற்கும் இது ஆதாரம் கிடையாது. யு-137 நிஜம். 2001-ல் ரோல்ஃப் எகேயுஸ் தலைமையிலான விசாரணை, 1982-ல் வந்தது எந்த நாட்டுக் கப்பல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்ற இடத்தில்தான் வந்து நின்றது. கேட்டது உண்மையாக இருந்திருக்கலாம், பொய்யாகவும் இருந்திருக்கலாம். பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனதுதான் கொடுமை. ஆடிட்டிங் படிப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ரசீது இல்லாத வவுச்சர் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை வைத்துக் கணக்கை முடிக்க முடியாது. கரைக்கடலில் கேட்ட சத்தத்துக்கு ரசீது என்பது அன்றைய தண்ணீரின் அளவீடுதான். அந்த நேரத்தில் மேலே என்ன வெப்பம், கீழே என்ன வெப்பம், உப்பு எவ்வளவு, தரை எது. "கேட்டது" என்று அரசாங்கம் சொன்னால், "அப்போது தண்ணீர் எப்படி இருந்தது?" என்று பத்திரிகைக்காரர்கள் கேட்க வேண்டும். அப்படி ஒரு கேள்வியை எந்த டிவி விவாதத்திலாவது யாராவது கேட்டதுண்டா?

மனிதர்களுக்காவது விசாரணைக் குழு உண்டு. திமிங்கிலங்களுக்கு? 2000 மார்ச் 15-ஆம் தேதி, பஹாமாஸ் தீவுகளில் பிராவிடன்ஸ் கால்வாய்ப் பகுதியில் 17 கடல் பாலூட்டிகள் கரை ஒதுங்கின. பெரும்பாலும் அலகுத் திமிங்கிலங்கள். ஆழ்கடலில் வாழ்பவை, கரைப் பக்கம் தலைகாட்டாதவை. சில இறந்தன. சிலவற்றை மக்களே தள்ளிக் கடலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே நேரத்தில் அந்தக் கால்வாயில் அமெரிக்கக் கடற்படையின் பல கப்பல்கள் சோனாரை மணிக்கணக்கில் பயன்படுத்திக்கொண்டிருந்தன. 2001 டிசம்பரில் கடற்படையும் அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, சோனார்தான் காரணமாக இருக்க மிகவும் வாய்ப்பு என்று ஒப்புக்கொண்டது. ஒரு கடற்படை இப்படி ஒப்புக்கொள்வது லேசான விஷயம் இல்லை.

அந்த அறிக்கை சோனாரின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தவில்லை. அன்று கடல் எப்படி இருந்தது என்பதையும் காரணங்களில் சேர்த்தது. மேற்பரப்பை ஒட்டிய நீர் அடுக்கு அன்று ஒலியைக் கீழே சிதறவிடாமல் தனக்குள்ளேயே பிடித்துவைக்கும் குழாய் போல இருந்தது. கால்வாய் குறுகலானது, தப்பிக்க வழி குறைவு. அடித்தரையின் அமைப்பும் வழக்கத்துக்கு மாறானது. இந்தச் சூழ்நிலையில் பல சோனார்கள் ஒன்றாக முழங்கின. வேறொரு நாள், வேறொரு நீர் அடுக்கு இருந்திருந்தால், அதே சோனார்கள் அவ்வளவு சேதம் செய்யாமல் போயிருக்கலாம். தண்ணீரை முன்கூட்டி அளந்து, "இன்றைக்கு இங்கே வேண்டாம்" என்று முடிவெடுக்க முடியும் என்பதுதான் இதன் அர்த்தம். சோனாரைத் தடை செய் என்று ஒரு பக்கமும், நாட்டுப் பாதுகாப்பில் கை வைக்காதே என்று மறுபக்கமும் கத்திக்கொண்டிருப்பவர்கள் நடுவில் உள்ள இந்த எளிய வழியைக் கண்டுகொள்வதில்லை.

வங்காள விரிகுடாவுக்கு வரலாம். குவாண்டனாமோவில் மேல்நீர் சூடானதுதான் பிரச்சினை என்றால், இங்கே கதை வேறு. கங்கையும் பிரம்மபுத்திராவும் மழைக்காலம் முழுக்கக் கொட்டும் நன்னீர் விரிகுடாவின் மேல் ஒரு போர்வை மாதிரி பரவிக்கிடக்கும். நன்னீர் கனம் குறைவு என்பதால் மேலேயே மிதக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தியக் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, அந்த நன்னீரை ஆந்திரக் கரை வழியே தமிழ்நாட்டுக் கரைக்கு இழுத்து வருகிறது. கூடவே வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் அதே நீரோட்டம் வடக்கு நோக்கிப் போகும். வருடத்துக்கு இரண்டு முறை திசை மாறும் நீரோட்டம். மீனவர்கள் இந்த நீவாட்டைப் பார்த்துத்தான் வலை போடுகிறார்கள்.

விரிகுடாவின் வடபகுதியில் குளிர்காலத்தில் இன்னும் விசித்திரம். மேலே கிடக்கும் நன்னீர் குளிர்ந்துபோகும். கனம் குறைந்த நீர் என்பதால், குளிர்ந்தாலும் கீழே மூழ்காது. அதற்கு அடியில் உள்ள உப்புநீரோ சூடாகவே இருக்கும். ஆக மேலே குளிர், கீழே சூடு, மேலே உப்புக் குறைவு, கீழே உப்பு அதிகம். இரண்டும் சேர்ந்து மேல்நீரில் ஒலியின் வேகத்தைக் குறைக்கின்றன. ஒலி மேல்நோக்கி வளைந்து, மேற்பரப்பை ஒட்டியே ஓடும். குவாண்டனாமோவுக்கு நேர் எதிர். அங்கே எழுதிய பாடப்புத்தகத்தை இங்கே அப்படியே பிரித்து வாசித்தால் தப்பாகிவிடும். அரபிக்கடல் பக்கம் கேரளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது அடியிலிருந்து குளிர்நீர் மேலே கிளம்பி வரும். அது மூன்றாவது வகை. ஒரே தீபகற்பத்தின் இரண்டு கரைகள், இத்தனை முகங்கள்.

இந்தியா சும்மா இருக்கவில்லை. கொச்சியில் இதற்கென்றே ராணுவ ஆய்வகம் இருக்கிறது. கடலில் ஒலியை ஆராயவே கட்டப்பட்ட 'சாகர்த்வனி' என்ற கப்பல் 1994-ல் பணியில் சேர்ந்தது. கடலின் ஒலி என்றே அர்த்தம், அழகான பெயர். சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ஹைதராபாத்தில் கடல் தகவல் மையம். ஆனால் ஒரு கப்பல் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். மணிக்கு மணி மாறும் கரைக்கு அது எப்படிப் போதும்?

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்பார்கள். செயற்கைக்கோள் கடலின் தோலைப் பார்க்கும், வயிற்றைப் பார்க்காது. ஒலியை வளைப்பது உள்ளே இருக்கும் அடுக்குகள். உள்ளே போய் அளக்க 'ஆர்கோ' என்ற மிதவைகள் உலகம் முழுக்க ஏறத்தாழ 4,000 இருக்கின்றன. 2,000 மீட்டர் வரை மூழ்கி, மேலே வரும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அற்புதமான ஏற்பாடு, தரவுகள் எல்லாருக்கும் இலவசம். ஆனால் 2,000 மீட்டர் மூழ்க வேண்டிய மிதவையை 50 மீட்டர் ஆழமுள்ள கரையில் விட்டால் தரைதட்டிவிடும் அல்லவா? அதனால் அவை பெரும்பாலும் ஆழ்கடலில்தான் உலவுகின்றன. ஒலி ஒழுங்காக நடந்துகொள்ளும் ஆழ்கடலில் அளவீடு ஏராளம். ஒலி கிறுக்குத்தனம் செய்யும் கரையில் அளவீடு பஞ்சம். தேவை எங்கே, செலவு எங்கே என்று பார்த்தால் எந்தக் கம்பெனி போர்டும் இந்த பட்ஜெட்டைத் திருப்பி அனுப்பிவிடும்.

கம்ப்யூட்டர் கணித்துச் சொல்லிவிடும் என்பது அடுத்த வாதம். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு என்ற மந்திரத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கணிக்கட்டும், நல்லதுதான். ஆனால் மஞ்சள் கடலில் நூறு ரூபாயை ஒரு ரூபாயாக்கிய உள்ளலை இன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தது என்பது, யாரோ அங்கே ஒரு தெர்மாமீட்டரை இறக்கியிருந்தால்தான் கம்ப்யூட்டருக்கே தெரியும்.

தெர்மாமீட்டரை யார் இறக்குவது? தினமும் அங்கே போகிறவர்கள்தான். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 2001-லிருந்து 'ஈமோல்ட்' என்று ஒரு திட்டம் நடக்கிறது. சிங்கறால் பிடிக்கும் மீனவர்கள் தங்கள் கூண்டுகளில் ஒரு சின்ன வெப்பமானியைக் கட்டிவிடுகிறார்கள். கூண்டு எப்படியும் அடித்தரைக்குப் போகத்தான் போகிறது, கூடவே கருவியும் போகிறது. மேலே வரும்போது கடலின் வெப்பம் பதிவாகி வருகிறது. கப்பல் வாடகை இல்லை, டீசல் செலவு இல்லை. மீனவருக்கும் லாபம் உண்டு. எந்த வெப்பத்தில் எங்கே பாடு கிடைத்தது என்று அடுத்த வருடம் திருப்பிப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் சென்னை முதல் கன்னியாகுமரி தாண்டி, 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை. காசிமேடு, கடலூர், நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று ஒவ்வொரு துறையிலிருந்தும் விடிவதற்கு முன்னே படகுகள் கிளம்புகின்றன. வலை எப்படியும் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு துறையிலும் சில படகுகளின் வலையில் மட்டும் ஒரு வெப்பமானியைக் கட்டினால், நன்னீர்ப் போர்வை எந்த வாரம் எந்த ஊரைத் தொட்டது, மேல்நீர் எந்த நேரத்தில் சூடாகிறது என்பதெல்லாம் ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். தமிழுக்கும் கடலைக் கேட்பதற்கும் பழக்கம் இல்லாமல் இல்லை. மட்டக்களப்பு வாவியில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து, மீன் பாடுவதைக் கேட்கிற மக்கள் இருக்கிறார்கள்.

ஒரு நியாயமான ஆட்சேபம் மிச்சம் இருக்கிறது. இந்த அளவீடுகள் எதிரிக்கும் உதவுமே, நிழல் எங்கே விழும் என்று அவனுக்கும் தெரிந்துவிடுமே? உண்மைதான். அதனால்தான் கடற்படைகள் கரையோரத் தரவுகளை ரகசியமாகப் பூட்டிவைக்கின்றன. ஆனால் மீனவரின் வலையில் கட்டிய வெப்பமானி இன்றைய எண்ணை இன்றைக்கே ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. இன்றைய எண் கடற்படைக்கு, போன பருவத்தின் எண் எல்லாருக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். திமிங்கிலத்தைப் பற்றி ஆராய்கிறவருக்கும், மீன்வளம் படிக்கும் மாணவருக்கும், ஏன், பழைய விசாரணை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க நினைக்கும் பத்திரிகைக்காரருக்கும் போன பருவத்தின் எண்ணே தாராளம். அக்டோபரில் நீரோட்டம் திரும்புவதற்கு முன்பு, ஏதாவது ஒரு துறையில் பத்துப் படகுகளோடு தொடங்கிப் பார்க்கலாம்.